குதிரைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? – ஹோரஸின் ஊர்களில்

புதன், வெனோசா

இத்தாலிக்கு வருகிறவர்கள் வெனோசாவுக்கு வருவதில்லை. ரோம், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், அப்புறம் பைசா கோபுரத்தை உள்ளங்கையில் தாங்குகிற மாதிரி ஒரு போட்டோ, அதோடு விடுமுறை தீர்ந்துவிடும். இது தெற்கே பாசிலிக்காட்டாவில், வுல்ட்டுரே என்ற அணைந்த எரிமலைக்குப் பக்கத்தில், கோதுமையும் திராட்சையும் விளைகிற சின்ன ஊர். நான் வந்தது ஒரே ஓர் ஆளுக்காக. கி.மு. 65 டிசம்பர் 8 அன்று இங்கே பிறந்த ரோமானியக் கவிஞர் ஹோரஸ். மிலானில் வேலை பார்க்கிற என் மச்சினன் காரோடு வந்து சேர்ந்துகொண்டான். கவிதைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். தெற்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஆசை காட்டித்தான் இழுத்து வந்தேன்.

ஊர் நடுவில் ஹோரஸ் பெயரிலேயே சதுக்கம், அதில் 1898-இல் நிறுவிய சிலை. கொஞ்சம் நடந்தால் 'ஹோரஸின் வீடு' என்று செங்கல் சுவர்களைக் காட்டுகிறார்கள். அது அவர் செத்து நூறு வருஷத்துக்கும் பிறகு கட்டிய குளியலறைகளின் மிச்சம். ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும், பெயரை விட மட்டும் மனசில்லை. சிலையைப் பார்த்து ஆளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைத்த சூட்டோனியஸ் சொல்வது: குள்ளம், பருமன். அகஸ்டஸ் சக்கரவர்த்தியே அதை வைத்துக் கிண்டலடித்துக் கடிதம் எழுதியிருக்கிறார், உன் புத்தகமும் உன்னைப் போலவே குட்டையாக இருக்கிறதே என்று.

அப்பா அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஏலத்தில் பணம் வசூலித்துக் கொடுக்கிற தொழில், கையகலம் நிலம். உள்ளூரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது, படைத்தலைவர்களின் பிள்ளைகள் இடது தோளில் பலகையும் பையும் மாட்டிக்கொண்டு, மாதாமாதம் எட்டுக் காசு சம்பளத்தை எடுத்துக்கொண்டு போகிற பள்ளிக்கூடம். அப்பா அங்கே சேர்க்கவில்லை. நேராக ரோமுக்குக் கூட்டிப்போய், செனட்டர் வீட்டுப் பிள்ளைகளோடு உட்காரவைத்து, பையனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையை (பணக்கார வீடுகளில் அதற்கென்றே ஓர் அடிமை இருப்பான்) தானே செய்தார். பின்னாளில் ஹோரஸ் எழுதுகிறார்: 'விடுதலையான அடிமையின் மகன்' என்று எல்லாரும் என்னைக் கொறிக்கிறார்கள், ஆனால் மறுபடி பெற்றோரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் எனக்கு இவரே போதும். பதவிக்கு வந்த மகன் அப்பாவின் பூர்வீகத்தை மூடிவைக்கிறதுதான் அன்றைய ரோமிலும் வழக்கம். இவர் அதைக் கவிதையில் போட்டு உலகத்துக்கே படித்துக் காட்டினார்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த பையனை, சீசரைக் கொன்றுவிட்டு அங்கே வந்த புரூட்டஸ் தன் படையில் சேர்த்துக்கொண்டார், அதுவும் அதிகாரியாக. அடிமை மகனுக்குக் கீழே ஒரு ரோமப் படையா என்று அப்போதே பொறுமினார்கள். கி.மு. 42-இல் பிலிப்பியில் புரூட்டஸ் தோற்றார். கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று ஹோரஸ் பிறகு கவிதையிலேயே ஒப்புக்கொண்டார். மன்னிப்புக் கிடைத்து ஊர் திரும்பினால், வீடும் இல்லை, நிலமும் இல்லை. ஜெயித்தவர்கள் தங்கள் சிப்பாய்களுக்குப் பங்கு போட்டுத் தருவதாகச் சொன்ன ஊர்களின் பட்டியலில் இந்த வெனோசாவும் இருந்தது. ரோமில் கருவூலத்தில் எழுத்தர் வேலையைப் பிடித்துக்கொண்டு, வறுமை தந்த துணிச்சலில் கவிதை எழுத ஆரம்பித்ததாகச் சொல்கிறார். பயத்தைப் பற்றி அவர் எழுதுவதை நான் மதிப்பதற்கு இதுதான் காரணம், அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ராத்திரி அக்ளியானிக்கோ ஒயின். இந்த எரிமலை மண்ணில் விளைவது, கறுப்பு, நாக்கைப் பிடிக்கிறது. மச்சினனுக்குத் திருப்தி.

வியாழன், ஆப்பியா சாலை, தெராச்சினா

இன்று முழுக்க கார்தான். ஆப்பியா சாலை கி.மு. 312-இல் போட ஆரம்பித்தது, ரோமிலிருந்து பிரிந்திசி துறைமுகம் வரை. 2024-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இந்தச் சாலையில் ஹோரஸ் போன பயணத்தை ஒரு கவிதையாகவே எழுதியிருக்கிறார். நாங்கள் எதிர்த்திசையில், தெற்கிலிருந்து ரோமை நோக்கி.

இணையத்தில் நாம் எழுதுகிற பயணக் கட்டுரை எல்லாவற்றுக்கும் அது பாட்டன். தண்ணீர் மோசம், வயிறு சரியில்லை, சாப்பிடவில்லை. கொசு கடித்தது, தவளை கத்தியது, தூக்கம் போச்சு. படகுக்காரனும் சத்திரக்காரனும் பிடுங்குகிறார்கள். பெனெவெந்தோவில் சத்திரக்காரர் ஒல்லிக் குருவிகளை வறுக்கப்போய் சமையலறையில் தீப்பிடித்து, பசியோடு இருந்த விருந்தாளிகள் சாப்பாட்டையும் பிடுங்கிக்கொண்டு தீயையும் அணைத்தார்கள். கனூசியத்து ரொட்டியில் கல் கடிபடும். கவிஞர்களை ஆதரித்த பெரிய மனிதர் மேசெனாஸும் கூட வந்தார். 'மேசெனாஸ் பந்து விளையாடப் போனார், நானும் வர்ஜிலும் தூங்கப் போனோம், கண்வலிக்காரனுக்கும் வயிற்றுக்கோளாறுக்காரனுக்கும் பந்து ஆகாது' என்கிறார் ஹோரஸ். ஈனியட் காவியம் எழுதிய அதே வர்ஜில்தான், வயிற்றுக்கோளாறு அவருக்கு.

இதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். கி.மு. 37 வாக்கில் நடந்த அந்தப் பயணம் உல்லாசப் பயணம் இல்லை. ஆக்டேவியனுக்கும் (பின்னாளில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஆனவர் இவர்தான்) ஆண்டனிக்கும் முறுக்கிக்கொண்டு, இன்னொரு உள்நாட்டுப் போர் வருமா வராதா என்று உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், சமரசம் பேசப் போன தூதுக்குழு அது. ஆக்டேவியனின் வலதுகை மேசெனாஸ்தான் போகிறார், கூடவே கவிஞர்கள். அதைப் பற்றி ஹோரஸ் சொல்வது ஒரே வரி: பிரிந்த நண்பர்களைச் சேர்த்துவைத்துப் பழக்கப்பட்டவர்கள். அவ்வளவுதான், அடுத்த வரியில் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொள்ளப் போய்விடுகிறார். பெரிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எதைப் பேசக்கூடாது என்று எவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறான்! சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருமுறை தோற்ற பக்கத்தில் நின்றவன், நாக்கைச் சுருட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பெரிய அதிகாரத்தைப் பற்றி வாய் திறக்காதவர் சின்ன அதிகாரத்தை விடுவதில்லை. ஃபோந்தியில் ஒரு நகரத் தலைவர் இவர்களை வரவேற்க வருகிறார், பட்டைபோட்ட அங்கி, கரைவைத்த துணி, முன்னால் கனல் சட்டி, ஏதோ மன்னர் பவனி மாதிரி. பெயர் அவுஃபிதியஸ் லஸ்கஸ், முன்பு எழுத்தராக இருந்தவர். இவர்கள் சிரித்துக்கொண்டே ஊரைக் கடந்துவிட்டார்கள். நாங்களும் ஃபோந்தியில் காபி குடிக்க நிறுத்தினோம். இந்தக் கதையை மச்சினனிடம் சொன்னதும், "அத்தான், இந்த ஆளு எங்க ஆபீஸ்ல மூணாவது மாடியில இருக்காரு" என்றான்.

சாயங்காலம் தெராச்சினா. தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிகிற பாறைகளின் மேல் ஊர் உட்கார்ந்திருப்பதாக ஹோரஸ் எழுதியது இன்றும் அப்படியே. மூன்று மைல் ஊர்ந்து மேலே ஏறினோம் என்கிறார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பிறகு வந்த டிராஜன் சக்கரவர்த்தி கடலோரம் பாறையைச் செங்குத்தாக வெட்டி வழியைத் தாழ்த்திவிட்டார். பிஸ்கோ மோந்தானோ என்று அதற்குப் பெயர். வெட்டிய முகத்தில் பத்துப் பத்து அடியாக ரோம எண்களைச் செதுக்கியிருக்கிறார்கள், மேலிருந்து இறங்கி வந்து அடியில் 120. எந்தக் கொத்தன் எந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அந்த எண்களை வெட்டினானோ. டிராஜன் பெயர் நிற்கிறது.

வெள்ளி, ரோம்

காலையில் தெர்மே அருங்காட்சியகம், டயோக்ளீஷியனின் குளியல் மாளிகைக்குள் இருப்பது. கி.மு. 17-இல் அகஸ்டஸ் நடத்திய நூற்றாண்டுப் பெருவிழாவின் கல்வெட்டு இங்கே இருக்கிறது. 1890-இல் டைபர் கரையோரம் துண்டுதுண்டாகக் கிடைத்து ஒட்டிவைத்தது. விழாவில் யார் பலி கொடுத்தார்கள், எந்த வேளையில், என்ன மந்திரம் என்று அலுவலகக் குறிப்பேடு மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. பலி முடிந்ததும் தாய் தந்தை இருவரும் உயிரோடிருக்கிற 27 சிறுவர்களும் அதே அளவு சிறுமிகளும் பாட்டுப் பாடினார்கள், பிறகு கேப்பிட்டல் குன்றிலும் அப்படியே. அதை அடுத்து: பாடலை இயற்றியவர் கு. ஹொராத்தியுஸ் ஃப்ளாக்கஸ். ஹோரஸின் முழுப்பெயர்தான், 'குவின்டுஸ்' என்பது 'கு' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, பின்னால் ஒரு புள்ளி. மூக்கைக் கண்ணாடியில் இடிக்காத குறையாக நின்று பார்த்தேன். அடிமையின் மகன், தோற்ற படையின் அதிகாரி, அரசாங்கக் கல்லில்.

அப்படியானால் கடைசியில் அரண்மனைப் புலவராகிவிட்டாரா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. அவருடைய மூன்றாம் புத்தகத்துப் பாடல்களை ரயிலிலும் ஹோட்டலிலும் புரட்டிக்கொண்டே வருகிறேன். முதல் பாட்டிலேயே அடி: மந்தைகளுக்கு மன்னர்களிடம் பயம், அந்த மன்னர்களுக்கு மேலே தேவராஜன் ஜூபிடர். தலைக்கு மேல் உருவிய வாள் தொங்கும்போது சிசிலி விருந்தில் ருசி இருக்காது, பறவைகள் பாடினாலும் யாழ் வாசித்தாலும் தூக்கம் வராது, குடியானவன் குடிசைக்கோ தூக்கம் தேடி வரும். பணக்காரன் கடலுக்குள் கல்லைக் கொட்டி மாளிகை கட்டுகிறான், ஆனால் பயமும் மிரட்டலும் அவன் ஏறுகிற இடத்துக்கெல்லாம் ஏறுகின்றன, கப்பலிலும் இறங்குவதில்லை, குதிரைக்காரனுக்குப் பின்னால் கறுப்புக் கவலை உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடைசி வரியை ரோமில் படித்தால் ஸ்கூட்டர்தான் ஞாபகம் வருகிறது. சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு வெஸ்பாவின் பின்சீட்டையும் பார்த்தேன்.

ஆனால் மூன்றாவது பாட்டைப் பாருங்கள். நேர்மையானவன், எடுத்த முடிவில் உறுதியானவன், அவனைத் தப்புச் செய்யச் சொல்லிக் கூச்சல் போடுகிற கூட்டமும் அசைக்காது, முறைத்துப் பார்க்கிற கொடுங்கோலன் முகமும் அசைக்காது. உலகமே உடைந்து விழுந்தாலும் இடிபாடு அவனை அடிக்கும், அவன் அஞ்சமாட்டான். கல்லில் வெட்டவேண்டிய வரிகள். சரி, அப்படிப்பட்ட உறுதியால் தேவரானவர்கள் யார் என்று வரிசை போடுகிறார், ஹெர்குலிஸ் மாதிரி ஆட்கள், அவர்களுக்கு நடுவில் சாய்ந்து அமிர்தம் குடிக்கப்போகிறவர் அகஸ்டஸ்! கொடுங்கோலன் முன்னால் நடுங்காதே என்று சொன்ன அதே மூச்சில். அதற்கு முந்தைய பாட்டில் நாட்டுக்காகச் சாவது இனிது, ஓடுகிறவனையும் சாவு துரத்தும் என்கிறார். எழுதியது பிலிப்பியில் ஓடினவர். எனக்கு இது எரிச்சலும் ஊட்டுகிறது, இவரை விட முடியாமலும் செய்கிறது.

மத்தியானம் எஸ்குவிலின் குன்று, மெருலானா தெருவில் மேசெனாஸ் மண்டபம். முன்பதிவு இல்லாமல் திறக்கமாட்டார்கள். 1874-இல் தோண்டியெடுத்தது. தரைமட்டத்துக்குக் கீழே இறங்கினால் நீள மண்டபம், கோடியில் அரைவட்டப் படிகள், சுவர் மாடங்களில் தோட்ட ஓவியங்களின் மிச்சம். கோடையில் குளுகுளுவென்று இருந்து விருந்து சாப்பிட்ட இடமாக இருக்கலாம் என்கிறார்கள். இந்தக் குன்று முன்னே ஏழைகளைப் புதைத்த குழிமேடு. மேசெனாஸ் அதைத் தோட்டமாக்கினார், இப்போது எஸ்குவிலினில் ஆரோக்கியமாக வாழலாம் என்று ஹோரஸும் எழுதிவைத்தார். எலும்புகள் கீழே, விருந்து மேலே.

இங்கே வந்துபோகிறவர் என்பதால் ஊரே ஹோரஸை மொய்த்திருக்கிறது. டேசியாப் படையெடுப்பு பற்றி என்ன கேள்விப்பட்டீர்கள்? சிப்பாய்களுக்கு நிலம் சிசிலியிலா இத்தாலியிலா? எனக்கு ஒன்றும் தெரியாது என்றால், அடேயப்பா எவ்வளவு கமுக்கம் என்று மெச்சுகிறார்கள். உண்மையில் மேசெனாஸ் இவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பேசியது, மணி என்ன, அந்த கிளாடியேட்டரை இவன் ஜெயிப்பானா, காலையில் குளிர் கடிக்கிறதே என்பது மாதிரிச் சமாசாரங்களாம்.

அகஸ்டஸ் இவரைத் தன் கடிதங்களை எழுதும் செயலராக வரச்சொன்னார். ஹோரஸ் மறுத்தார். சக்கரவர்த்திக்குக் கோபம் வரவில்லை என்று சூட்டோனியஸ் பதிவு செய்கிறார். ஆனால் உரையாடல் பாணியில் எழுதுகிற கவிதைகளில் தன்னை விளித்து ஒன்றும் எழுதவில்லை என்பதில் அகஸ்டஸுக்கு வருத்தம், கடிதம் போட்டார்: எனக்கு நெருக்கமானவன் என்று தெரிந்தால் பிற்காலத்தில் உனக்கு அவப்பெயர் வரும் என்று பயப்படுகிறாயா? இந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. உலகத்தையே கையில் வைத்திருப்பவர் ஒரு குள்ளக் கவிஞரிடம் கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஹோரஸ் எழுதிக் கொடுத்தார், நீளமாக. அதன் முடிவில் ஒரு குறும்பு வைத்தார்: மட்டமான புகழ்ச்சிக் கவிதைக்குப் பாத்திரமானவனும் சேர்ந்து மானம் இழப்பான், அந்த ஏடுகள் கடைசியில் சாம்பிராணியும் மிளகும் விற்கிற தெருவில் பொட்டலம் மடிக்கப் போகும்.

மிளகு என்றதும் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆமாம், நம் பக்கத்துச் சரக்குதான். அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 120 கப்பல் எகிப்துத் துறையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். யவனர் கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயர்ந்ததை நம் அகநானூறு 149-ஆம் பாட்டு முசிறிக் கரையில் நின்று பார்த்திருக்கிறது. ஹோரஸும் ஓரிடத்தில், வறுமைக்குப் பயந்து கடல் தாண்டி இந்தியக் கோடி வரை ஓடுகிற வணிகனைக் கேலி செய்கிறார். மிளகு ஏற்றவந்த யவனனை ஓட்டியதும் பயம்தானாம்.

சனி, லிசென்சா

ரோமிலிருந்து வடகிழக்கே 50 கிலோமீட்டர் சொச்சம். திவோலி தாண்டி, விகோவாரோவில் பெரிய சாலையை விட்டு ஒரு பள்ளத்தாக்குக்குள் திரும்ப வேண்டும். விகோவாரோ அன்றைய வேரியா, லிசென்சா ஆறு அன்றைய டிஜென்சியா. பக்கத்து ஊர் மந்தேலாவின் பெயர் அவர் கவிதையில் அப்படியே இருக்கிறது. மேசெனாஸ் கி.மு. 33 வாக்கில் கொடுத்ததாகச் சொல்லப்படும் பண்ணை இந்தப் பள்ளத்தாக்கில், அன்றைய சாபைன் மக்களின் பகுதியில். இது ஹோரஸ் வீடு என்று எழுதிய கல் ஒன்றும் கிடைக்கவில்லை, கவிதை வரிகளையும் நிலத்தையும் பொருத்திப் பார்த்துத்தான் 18-ஆம் நூற்றாண்டில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 1911-இல் ஆஞ்சலோ பாஸ்குயி தோண்ட ஆரம்பித்தார்.

பொருத்தம் பார்ப்பது நமக்கும் எளிது. மலைத்தொடர், நடுவே நிழலான பள்ளத்தாக்கு, காலைச் சூரியன் வலப்பக்கத்தைப் பார்க்கும், போகும்போது இடப்பக்கத்தைச் சூடாக்கும் என்று எழுதியிருக்கிறார். ஒன்பது மணிக்குப் போய் நின்றோம், ஒரு சரிவு பளீரென்று, எதிர்ச்சரிவு இன்னும் நீலம். ஓக் மரங்கள் இருக்கின்றன, அவர் சொன்ன பன்றிகள் மட்டும் இல்லை. மேலே ஊற்று ஒன்று, ஹோரஸ் பாடிய பந்துசியா ஊற்று என்று பலகை. அந்தப் பெயருள்ள ஊற்று வெனோசாப் பக்கம் இருந்தது என்றும் வாதம் உண்டு. தண்ணீர் சில்லென்று இருக்கிறது. வழக்கை யாராவது தீர்த்துக்கொள்ளட்டும்.

வீடு 'போதும்' என்று பாடினவருடையதாகத் தெரியவில்லை. நூறு மீட்டருக்கு மேல் நீளம். வடக்கே அறைகள், கறுப்பு வெள்ளைப் பதிகல் தரை, தெற்கே நாலுபக்கமும் நடைபாதை சூழ்ந்த தோட்டம், நடுவில் குளம், மேற்கே பிற்காலத்தில் பெருக்கிய குளியல் பகுதி. பதிகல்லில் ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் கற்கள், ஓரம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. இதைத் துடைத்தவர்கள் யார்?

கவிதையே பதில் சொல்கிறது: எட்டு அடிமைகள். இது தெரிவது எப்படி என்றால் ஒரு வேடிக்கையான கவிதை வழியாக. டிசம்பர் சாட்டர்னேலியா விழாவில் அடிமைகள் வாய்விட்டுப் பேசலாம். டாவஸ் என்ற அடிமை வருகிறான். ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறேன், நாலு வார்த்தை சொல்லணும், அடிமையாச்சே, பயமாயிருக்கு என்று ஆரம்பிக்கிறான். சொல் என்கிறார் ஹோரஸ். அவ்வளவுதான், கிழித்துத் தொங்கவிடுகிறான். ரோமில் இருந்தால் கிராமம் வேண்டும், கிராமத்தில் இருந்தால் ரோம் சொர்க்கம். யாரும் விருந்துக்குக் கூப்பிடாவிட்டால் என் வீட்டுக் கீரையே தேவாமிர்தம் என்பாய், மேசெனாஸ் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டனுப்பினால் எண்ணெய் எங்கே எண்ணெய் எங்கே என்று கத்திக்கொண்டு ஓடுவாய். எனக்கு நீ எஜமான், உனக்கு இன்னொருத்தன் எஜமான், அடுத்தவன் இழுக்கிற கயிற்றில் ஆடுகிற மரப்பொம்மை நீ. பிறகு கேட்கிறான்: அப்போ யார்தான் சுதந்திர மனுஷன்? தன்னைத் தானே ஆள்கிறவன், வறுமைக்கோ சாவுக்கோ விலங்குக்கோ பயப்படாதவன்.

ஹோரஸின் எல்லா நூலிலும் நன்மையைப் பற்றிச் சொன்ன நேர்த்தியான வரி இதுவாக இருக்கலாம், அதை வைத்தது ஓர் அடிமையின் வாயில். எஜமான் என்ன பதில் சொல்கிறார்? கல் எங்கே, அம்பு எங்கே என்று தேடுகிறார். ஆளுக்குப் பைத்தியமா இல்லை கவிதை எழுதுகிறானா என்கிறான் டாவஸ். இடத்தைக் காலி பண்ணு, இல்லை சாபைன் பண்ணையில் ஒன்பதாவது ஆளாக உழப்போவாய்! முடிந்தது கவிதை.

ஒன்பதாவது ஆளை அனுப்பப்போவதாக மிரட்டிய பண்ணை நான் நிற்கிற இந்தப் பண்ணை. நண்பர்களுக்கு எழுதும்போது சொர்க்கம், அடிமைக்குச் சொல்லும்போது தண்டனை. பண்ணையைப் பார்த்துக்கொண்ட மேலாளும் அடிமைதான். அவனுக்கு ரோமின் சோற்றுக்கடை ஏக்கம், இங்கே வெறும் பொட்டல்காடு என்று புலம்பினானாம், அதையும் ஹோரஸ்தான் எழுதிவைத்திருக்கிறார். மன்னன் தலைக்கு மேல் தொங்கும் வாளைப் பார்த்தவர் டாவஸின் தலைக்கு மேல் தொங்குவதையும் பார்த்திருக்கிறார், அதன் கைப்பிடி தன் கையில் இருக்கிறது என்பதையும். வாளைக் கீழே வைக்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை, தன்னைக் கேலிப்பொருளாக்கி ஊருக்குப் படித்துக் காட்டினார். அப்பா பட்டதை மகன் மறந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அடிமைகளை விடுவித்திருக்கலாமே என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

இதே பண்ணையை வர்ணித்துத் தொடங்குகிற ஒரு கடிதக் கவிதை நல்லவன் யார் என்ற கேள்விக்குப் போகிறது. நான் திருடவில்லை, ஓடிப்போகவில்லை என்கிறான் ஓர் அடிமை. அதற்குக் கூலி, சாட்டை உன்மேல் படவில்லை. யாரையும் கொல்லவில்லை. சரி, சிலுவையில் காக்கைக்கு இரையாகமாட்டாய். அப்படியானால் நான் நல்லவன்தானே? இல்லை, இல்லை என்று தலையாட்டுகிறான் சாபைன்காரன். ஓநாய் குழிக்குப் பயப்படும், பருந்து கண்ணிக்குப் பயப்படும், நல்லவர்கள் நன்மையின்மேல் உள்ள ஆசையால் தப்பை வெறுக்கிறார்கள், நீ தண்டனைக்குப் பயந்து சும்மா இருக்கிறாய். அது அடிமைக்குச் சொன்னதாகத் தெரிந்தாலும், கொஞ்சம் தள்ளி நின்று படித்தால் ரோமின் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் பொருந்துகிறது. கடைசியில் ஒரு கிரேக்க நாடகக் காட்சி. தீப்ஸ் மன்னன் பென்தியூஸ் மிரட்டுகிறான், நல்லவன் பதில் சொல்கிறான். சொத்தைப் பிடுங்குவேன். எடுத்துக்கொள். விலங்கு போடுவேன். நான் விரும்பும்போது கடவுள் என்னை அவிழ்த்துவிடுவார். அதற்கு அர்த்தம், செத்துப்போவேன் என்பதுதான் என்று ஹோரஸே விளக்கமும் சொல்கிறார், சாவு எல்லாவற்றுக்கும் கடைசிக் கோடு.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மச்சினனுக்கு போன். மேனேஜர். சனிக்கிழமை! குளக்கரையில் அரைமணி நேரம் "சரி சார்" என்பதை இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊரில் ஓர்சினி மாளிகையில் அருங்காட்சியகம் இருக்கிறது, ஓவியத் துண்டுகள், பாத்திரங்கள். போவதற்கு முன் திறந்திருக்கிற நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஞாயிறு, ரோக்காஜோவினே

பக்கத்து மலைமுகட்டு ஊர், நேரம் இருந்ததால் வந்தோம். வாகூனா என்ற சாபைன் தேவதையின் இடிந்த கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்து இதைச் சொல்லி எழுதவைக்கிறேன், நீ இங்கே இல்லை என்பது தவிர ஒரு குறையும் இல்லை என்று ஹோரஸ் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் முடியும். இந்த ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டு, பழசாகி இடிந்த வெற்றித்தேவதை கோயிலை வெஸ்பாசியன் சக்கரவர்த்தி தன் செலவில் புதுப்பித்ததாகச் சொல்கிறது. வாகூனாவைத்தான் ரோமர்கள் வெற்றித்தேவதை ஆக்கிக்கொண்டார்கள் என்பதால், இடம் இதுவே என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அதே கடிதத்தில் ஒரு குட்டிக் கதை வருகிறது. புல்வெளியில் கலைமானோடு சண்டை போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்த குதிரை மனிதனிடம் உதவி கேட்டு, வாயில் கடிவாளம் வாங்கிக்கொண்டது. ஜெயித்தது. ஆனால் முதுகிலிருந்து ஆள் இறங்கவில்லை, வாயிலிருந்து இரும்பும் போகவில்லை. வறுமைக்குப் பயந்து சுதந்திரத்தை விட்டவன், கொஞ்சத்தில் வாழத் தெரியாததால், காலம் பூரா ஒரு எஜமானைச் சுமப்பான். கதையைக் கேட்டு மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவருக்கு ஹோம் லோன் இருந்துதா அத்தான்?" என்றான்.

இல்லைடா, பண்ணை சும்மா கிடைத்தது என்றேன்.

"அதானே. இ.எம்.ஐ. இல்லாதவன் எதையும் எழுதலாம்."

நான் விடவில்லை. மேசெனாஸுக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். ஐந்து நாளில் வருகிறேன் என்று போய்விட்டு ஒரு மாதம் முழுக்க ரோமுக்குத் திரும்பாமல் இருந்தபோது எழுதியது. தானியக் கூடைக்குள் இடுக்கு வழியாக ஒல்லியாக நுழைந்து, தின்று கொழுத்து வெளியே வரமுடியாமல் தவித்த நரியின் கதையைச் சொல்லி, அந்த நரி நான்தான் என்று நீங்கள் சொல்வீர்களானால், கொடுத்த எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறேன், அரேபியாவின் செல்வம் முழுக்கத் தந்தாலும் என் ஓய்வான சுதந்திரத்தை விற்கமாட்டேன் என்கிறார். ஆதரவு கொடுத்தவரிடம் நேருக்கு நேர் இப்படி எழுதின கவிஞர் எத்தனை பேர்? மேசெனாஸ் கோபித்ததாகத் தெரியவில்லை. சாகும்போது அகஸ்டஸிடம், என்னை நினைப்பதுபோல ஹோரஸையும் நினைத்துக்கொள் என்று உயிலில் எழுதிவிட்டுப் போனார். அதே வருஷம், கி.மு. 8 நவம்பர் 27-இல், ஹோரஸும் போய்ச் சேர்ந்தார். எஸ்குவிலின் கோடியில் மேசெனாஸ் சமாதிக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். உயில் எழுதிக் கையெழுத்துப் போட நேரமில்லாமல், அகஸ்டஸே என் வாரிசு என்று வாயால் சொல்லிவிட்டுச் செத்தார்.

மச்சினன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டான், "அப்போ அந்தப் பண்ணை? திருப்பித் தரேன்னு சொன்னாரே, தந்தாரா?"

தரவில்லை என்றேன். மேசெனாஸும் கேட்கவில்லை.